இரைப்பைக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? குடல் பெப்டைடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்கு உடலியங்கியல் பாடத்தைப் பல வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது மேலூர்ப் பக்கம் ஊரோடு வந்துவிட்டேன். ஆடு மாடு வளர்க்கிறவர்களும், கால்நடை மருத்துவமும் விலங்கியலும் படிக்கிற பிள்ளைகளும் வந்து கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த விலங்குக்குக் கேட்கிறீர்கள்?" ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

குடல் பெப்டைடு என்றால் என்ன?

புரதம் நீளமான அமினோ அமிலச் சங்கிலி என்றால், பெப்டைடு அதில் ஒரு சிறு துண்டு. கேஸ்ட்ரினின் ஒரு முக்கிய வடிவத்தில் 17 அமினோ அமிலங்கள், மோட்டிலினில் 22, செக்ரிட்டினில் 27, கிரெலினில் 28. கோலிசிஸ்டோகைனின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டபோது அதில் 33 இருந்தன. பெயர் நீளமாக இருப்பதால் அதை இனி சிசிகே என்றே சொல்கிறேன்.

இவற்றைச் சுரக்கும் செல்கள் தைராய்டு மாதிரி ஒரே இடத்தில் திரண்டு சுரப்பியாக இருப்பதில்லை. இரைப்பை, குடல் இவற்றின் உள்சுவரில், நெல் வயலுக்குள் தப்பி முளைத்த உளுந்துச் செடி மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. பலவற்றின் ஒரு முனை உணவு ஓடும் பக்கம் நீட்டியிருக்கும். அமிலமா, கொழுப்பா, புரதமா என்று அந்த முனை பார்க்கும். மறுமுனை ரத்தத்தில் பெப்டைடை விடும், அல்லது பக்கத்தில் இருக்கும் நரம்பு நுனியைத் தட்டும். வெட்டி எடுத்துப் பார்க்க ஒரு தனிச் சுரப்பி இல்லாததால்தான் இவற்றைப் பிடிப்பதற்கு அவ்வளவு காலம் ஆனது.

முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுத்ததில்லை. 1902 ஜனவரி 16. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக் குழாய் மட்டும் மிச்சம். இப்போது அந்தத் துண்டுக்குள் நீர்த்த அமிலத்தை விட்டார்கள். எங்கோ தள்ளி இருக்கும் கணையம் சுரக்க ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் செரிமானம் முழுக்க நரம்பின் ஆட்சி என்றுதான் நம்பிக்கை. ரஷ்யாவில் உடலியங்கியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் அதை அவ்வளவு அழுத்தமாகக் காட்டியிருந்தது. நரம்பே இல்லாத குடல் கணையத்துக்கு எப்படிச் செய்தி சொன்னது? ரத்தத்தின் வழியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். உடனே குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். கணையம் மறுபடி சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லே அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905இல்தான் ஸ்டார்லிங்கின் உரை வழியாக வழக்கத்துக்கு வந்தது. ஹார்மோன் என்ற எண்ணமே குடலில் பிறந்ததுதான். இன்சுலினும் தைராய்டும் பேசும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம்.

அதே 1905இல் ஜான் எட்கின்ஸ், இரைப்பையின் கடைசிப் பகுதியின் சாறு அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்று பூனைகளில் காட்டினார், கேஸ்ட்ரின் என்றார். பிறகு உடலிலேயே இருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளும் அமிலத்தைச் சுரக்கவைக்கும் என்று தெரிந்ததும், எட்கின்ஸ் பார்த்தது வெறும் ஹிஸ்டமின்தான் என்று பலர் அவரை ஒதுக்கினார்கள். 1964இல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து கேஸ்ட்ரினைத் தூய்மையாகப் பிரித்து எடுத்தபோது எட்கின்ஸ் சொன்னது சரி என்று ஆனது. இடையில் போனது ஏறக்குறைய அறுபது வருடம்.

கேஸ்ட்ரின் அமிலத்தைக் கூட்டுகிறது என்கிறார்கள். கூட்டிக்கொண்டே போனால் இரைப்பை வெந்துபோகாதா, சார்?

நல்ல கேள்வி. வழியைப் பார்ப்போம். கேஸ்ட்ரின் சுரக்கும் செல்கள் இரைப்பையின் வெளிவாசலுக்குச் சற்று முன்னால் உள்ள பகுதியில் இருக்கின்றன. அமிலம் சுரக்கும் செல்கள் மேலே, இரைப்பையின் உடல் பகுதியில். உணவின் புரதம் சிதைந்து அங்கே வந்தாலோ, மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு தூண்டினாலோ கேஸ்ட்ரின் ரத்தத்தில் கலக்கும். அது கல்லீரல், இதயம், நுரையீரல் எல்லாம் சுற்றி அதே இரைப்பைக்கே வந்து சேரும். மதுரைக் கீழமாசி வீதியில் போட்ட கடிதம் சென்னை போய்த் திரும்பி மேலமாசி வீதிக்கு வருகிற மாதிரி.

வந்த கேஸ்ட்ரின் பெரும்பாலும் அமிலச் செல்லை நேராகத் தூண்டுவதில்லை. நடுவில் ஒரு செல் இருக்கிறது. அது ஹிஸ்டமினை விடும். ஹிஸ்டமின்தான் அமிலச் செல்லைக் கிளப்பும். எட்கின்ஸை மறுத்தவர்கள் ஹிஸ்டமினைக் கண்டு குழம்பியதில் ஆச்சரியமே இல்லை. இரண்டும் ஒரே பாதையில் முன்பின்னாக நிற்பவை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமிலத்தை அளக்கும் எண் பிஹெச்; அமிலம் ஏற ஏற அந்த எண் இறங்கும். அது சுமார் 3க்குக் கீழே போனதும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு செல் சோமாட்டோஸ்டேட்டின் என்ற பெப்டைடை விடும். அது கேஸ்ட்ரின் செல்லின் வாயை அடைத்துவிடும். அமிலமே அமிலத்துக்குக் கடிவாளம். இந்தக் கடிவாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுப் புழுவைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

கேஸ்ட்ரினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரைப்பையின் உள்தோலை வளர்ப்பது. கேஸ்ட்ரின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் அமிலச் சுரப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது.

சுரப்பதும் அசைவதும் ஒரே கட்டளையால் நடக்கிறதா?

இல்லை. பாடப் புத்தகங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடுவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். சுரப்பு சுரப்பிச் செல்களின் வேலை. அசைவு தசையின் வேலை. அசைவுக்கு என்று தனித் தாளம் இருக்கிறது. இரைப்பைச் சுவரிலேயே உள்ள சில செல்கள் அந்தத் தாளத்தைத் தட்டுகின்றன: மனிதனில் நிமிடத்துக்கு சுமார் 3, நாயில் சுமார் 5. பெப்டைடுகள் அந்தத் தாளத்தை உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் தசை எவ்வளவு பலமாகச் சுருங்க வேண்டும், வெளிவாசல் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகின்றன.

இங்கே அதிகாரம் இரைப்பையைவிடக் குடலிடம்தான் அதிகம். கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலுக்குள் வந்ததும் சிசிகே வெளியாகும். அது பித்தப்பையைச் சுருக்கும். 1928இல் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் இதைப் பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். கூடவே இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்தும், வெளிவாசலை இறுக்கும். இதில் பெரும்பகுதி வேகஸ் நரம்பின் நுனிகளைத் தட்டி, மூளைத்தண்டு வரை போய்த் திரும்பும் செய்தியால் நடக்கிறது. "இப்போதுதான் ஒரு பங்கு வந்திருக்கிறது, அதை முடிக்கிறேன், கொஞ்சம் பொறு" என்று குடல் சொல்கிறது. ராத்திரி சாப்பிட்ட கறிதோசை காலை வரை வயிற்றில் நிற்கிற மாதிரி இருப்பதும், நாலு இட்லி சீக்கிரம் இறங்கிவிடுவதும் இதனால்தான்.

அமிலம் அதிகமாக வந்தால் செக்ரிட்டின்: கணையத்திலிருந்து அமிலத்தை முறிக்கும் காரத் திரவத்தை வரவழைக்கும், இரைப்பையின் அமிலத்தையும் வேகத்தையும் குறைக்கும். இன்னும் கீழே, சிறுகுடலின் கடைசி வரைக்கும் கொழுப்பு செரிக்காமல் போய்விட்டால், அங்கிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற பெப்டைடுகள் கிளம்பி இரைப்பைக்குப் பலமாகத் தடை போடும். ஜிஎல்பி-1 ரத்தத்தில் சுமார் 2 நிமிடத்தில் பாதியாகிவிடும். 1992இல் ஜான் எங் என்ற ஆய்வாளர், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில், அதே வேலையைச் செய்து நீண்ட நேரம் நிற்கும் ஒரு பெப்டைடைக் கண்டார். 2005இல் அது சர்க்கரை நோய் மருந்தாக அனுமதி பெற்றது. இன்று உடல் எடை குறைக்கப் போடும் ஊசிகள் அந்த வழியில் வந்தவை. அந்த ஊசி போட்டவர்களுக்குக் குமட்டலும் வயிறு நிறைந்த உணர்வும் வருவதற்கு ஒரு காரணம், இந்தத் தடைதான்.

வயிறு காலியாக இருக்கும்போது எதற்கு உறுமுகிறது?

உறுமுவது பசியால் மட்டும் இல்லை. நாயிலும் மனிதனிலும் வயிறு காலியானதும் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தரம், இரைப்பையில் தொடங்கும் பலமான சுருக்க அலை குடலின் கடைசி வரை பெருக்கிக்கொண்டே போகும். எலும்புத் துண்டு, நார், உதிர்ந்த செல்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே தள்ளப்படும். நம் ஊர் சிப்பிப்பாறை நாய் விழுங்கிய எலும்புச் சில்லும் பெரும்பாலும் சாப்பாடு முழுக்க இறங்கினபிறகு இந்த அலையில்தான் இரைப்பையைத் தாண்டும். இரைப்பையில் அதைத் தொடங்கிவைப்பது மோட்டிலின். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மோட்டிலினின் ஏற்பியிலேயே, அதாவது செல்லில் மோட்டிலின் வந்து ஒட்டும் இடத்திலேயே, போய் உட்காரும். கிருமியைக் கொல்லத் தேவையான அளவைவிடக் குறைவாகவே கொடுத்தாலும் இரைப்பையை அசையவைக்கும்.

இங்கேதான் அந்த "எந்த விலங்கு?" வருகிறது. ஆய்வுக்கூட எலியிலும் சுண்டெலியிலும் வேலை செய்யும் மோட்டிலினே இல்லை; பரிணாமத்தில் அந்த மரபணுவை இழந்துவிட்டன. உலகம் முழுக்க எலியை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு எலி உதவாது. அதற்குப் பதிலாக ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தது எது தெரியுமா? நம் வீட்டு அடுப்படி ஓரமாக ராத்திரி கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுகிற மூஞ்சூறு. அதற்கு மோட்டிலினும் இருக்கிறது, கிரெலினும் இருக்கிறது, காலி வயிற்று அலையும் நாய், மனிதன் மாதிரியே வருகிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, மூஞ்சூறு எடுக்கும். பார்ப்பதற்கு எலி மாதிரி இருந்தாலும் அது எலி இனமே இல்லை. பிள்ளையார் கோயிலில் மூஞ்சூறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆடு மாட்டுக்கும் இதே கதைதானா?

பாதிக் கதைதான் பொருந்தும். அசைபோடும் விலங்குக்கு நான்கு அறைகள். முதல் மூன்றில் அமிலச் சுரப்பி கிடையாது. நாம் இரைப்பை என்று சொல்வதற்கு ஈடானது நான்காவது அறை மட்டும்.

முதல் பெரிய அறையான பெருவயிறு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு தரம் சுருங்கும். மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள குழியில் உள்ளங்கையை அழுத்தி வைத்து நில்லுங்கள், மெதுவாகத் தூக்கி இறக்குவது கையில் தெரியும். இந்தச் சுருக்கத்தை நடத்துவது முக்கியமாக மூளைத்தண்டும் வேகஸ் நரம்பும். வேகஸை இரண்டு பக்கமும் அறுத்தால் அந்த ஒழுங்கான அசைவு நின்றுவிடும். நாயின் இரைப்பை அப்படி நிற்காது. செம்மறி ஆட்டுக்கு சிசிகே, கேஸ்ட்ரின் ஏற்றினால் பெருவயிற்று அசைவு குறையும். ஆனாலும் தினசரி ஆட்சி நரம்பினுடையது.

நான்காவது அறையில் பெப்டைடுகளுக்கு வேலை நிறைய. இன்னொரு வித்தியாசம், நாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வேளை தின்கிறது. இரைப்பை சுரக்கும், ஓயும். மாட்டின் நான்காம் அறைக்கு, முன்னால் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து தீனி பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருப்பதால் அமிலச் சுரப்பும் ஓயாது. அந்தக் காலி வயிற்று அலைகூட, செம்மறி ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்போதும் அதன் குடலில் வந்துகொண்டே இருக்கும்.

மாட்டுப் பொங்கல் அன்று நிறையப் பொங்கல் தின்ற மாடு படுத்துவிட்டது. இதுவும் ஹார்மோன் கோளாறா, ஐயா?

இல்லை. எல்லாவற்றையும் பெப்டைடின் தலையில் கட்டக் கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் காளைக்கே இப்படி நடந்தது. அன்போடு ஊட்டினோம், ராத்திரி அது அசைபோடவில்லை, காலையில் எழவில்லை. வீட்டில் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வெந்த அரிசியையும் வெல்லத்தையும் பெருவயிற்று நுண்ணுயிர்கள் மிக வேகமாகப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் ஆக்கிவிடும். அங்கே பிஹெச் சாதாரணமாக 6க்கு மேல் இருக்கும்; இப்போது 5.5க்கும் கீழே, மோசமானால் 5க்கும் கீழே போகும். அமிலத்தை உணர்ந்த சுவர் நரம்பு வழியாகச் சொல்ல, அசைவு நிற்கும். ரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். இது உயிர்போகும் நிலை. நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். படையல் பொங்கலில் ஒரு கைப்பிடி கொடுங்கள், மீதிக்கு அகத்தியும் சோளத்தட்டையும் போடுங்கள். அலங்காநல்லூர், பாலமேட்டுக் காளை வளர்ப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மழைக்குப் பிறகு ஆடு இளைத்து, தாடையில் வீக்கம் வருகிறது. புழு என்கிறார்கள். புழுவுக்கும் இரைப்பைச் சுரப்புக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. ஹீமாங்கஸ் என்ற ரத்தம் குடிக்கும் உருளைப்புழு குடியிருப்பது நான்காவது அறையில்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் புல் நுனிக்கு ஏறும் அதன் குஞ்சுகளை ஆடு மேய்ந்துவிடும். புழு இருக்கும் இடத்தில் அமிலச் செல்கள் குறைந்து, அமிலம் குறைந்து, பிஹெச் ஏறிவிடும். மேலே சொன்ன கடிவாளம் நினைவிருக்கிறதா? அமிலம் இல்லாததால் கேஸ்ட்ரின் செல்லை அடக்க ஆள் இல்லை. ரத்தத்தில் கேஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகும். தூண்டுதல் இருக்கும், சுரக்க வேண்டிய செல் இருக்காது. புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினின் முன்வடிவம் உணவுக்குள் போகாமல் ரத்தத்தில் கசியும். ஆட்டுக்குத் தீனி மேல் ஆசையும் குறையும்.

ஆனால் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் ரத்த இழப்புதான். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். செக்கச்சிவந்து இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் மருத்துவரிடம் போங்கள். சாணியைக் காட்டி, பார்த்து, பூச்சி மருந்து கொடுப்பதுதான் நல்லது. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை அடிக்கடி ஊற்றினால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

கோழிக்கு?

கோழிக்கு இரண்டு இரைப்பை. முதலாவது மெல்லியது, சுரப்பதற்கு. அமிலமும் பெப்சினும் அங்கே ஒரே வகைச் செல்லிலிருந்து வருகின்றன. நம் உடலில் இரண்டும் தனித்தனிச் செல்கள். இரண்டாவது, கறிக்கடையில் மஞ்சள் தோலை உரித்துக் கழுவித் தருவார்களே, அந்தக் கெட்டித் தசை உருண்டை. அரைப்பதுதான் அதன் வேலை. கோழியின் கேஸ்ட்ரின் அமைப்பில் சிசிகே பக்கம் சாய்ந்தது. அது பெரிய அதிசயம் இல்லை. பாலூட்டிகளிலும் இரண்டின் வால் பகுதியில் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் ஒன்றேதான்.

கிரெலின் விஷயம் இன்னும் விசித்திரம். 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்கவாவும் எலியின் இரைப்பையில் கண்டுபிடித்தது. எலிக்குக் கொடுத்தால் எலி தின்னும். அதையே கோழிக்குஞ்சின் மூளையில் செலுத்தினால் குஞ்சு தீனியை விட்டுவிடும். 'பசி ஹார்மோன்' என்று செய்தித்தாளில் போடுகிற பெயர் கோழிப் பண்ணைக்குள் செல்லாது.

ஊசியில் ஏற்றினால் ஒரு விளைவு வருகிறது. அதுதான் அந்தப் பெப்டைடின் வேலை என்று எழுதலாமா? (இளங்கலை மாணவர்களின் கேள்வி)

எழுதக் கூடாது. இந்தத் துறையில் அதிகம் நடந்த தவறு இதுதான் என்பது என் கருத்து. சாப்பிட்டபின் ரத்தத்தில் இயல்பாக ஏறும் அளவு மிகக் குறைவு. அதைவிடப் பல மடங்கு ஏற்றினால் பக்கத்து ஏற்பிகளிலும் போய் ஒட்டும். உடலில் நடக்காத ஒன்று ஆய்வுக்கூடத்தில் நடக்கும். ஜிஐபி என்ற பெப்டைடு நாயின் அமிலச் சுரப்பைத் தடுத்ததால் 'இரைப்பைத் தடுப்புப் பெப்டைடு' என்று பெயர் பெற்றது. இயல்பான அளவில் அதன் முக்கிய வேலை, சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டுவது என்று பிறகு தெரிந்தது. அதே மூன்று எழுத்து பொருந்துமாறு ஆங்கிலத்தில் விரிவாக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே இயல்பான அளவைக் கொடுத்துப் பாருங்கள், ஏற்பியை அடைத்துப் பாருங்கள், மரபணுவை நீக்கிப் பாருங்கள். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் அப்புறம் எழுதுங்கள்.

நாய்க்கு நாம் போடும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஒமிப்ரசோல் என்ற அந்த மாத்திரை அமிலத்தை அடைத்தால் கடிவாளம் கழன்று கேஸ்ட்ரின் ஏறும். நீண்ட நாள் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். இரண்டு வருடம் தொடர்ந்து கொடுத்த எலிகளில், ஹிஸ்டமின் விடும் அந்த நடுச் செல்லில் கட்டிகள் வந்தன. அது எலியில். நாய்க்கும் மனிதனுக்கும் அதே முடிவை நேராகச் சொல்ல முடியாது.

இதில் எதையாவது கண்ணால் பார்க்க முடியுமா, சார்?

முடியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தெரிந்த கறிக்கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள், ஆட்டுக்குடலைக் கழுவாமல், நான்காவது அறையும் அதை ஒட்டிய இரண்டு முழம் சிறுகுடலும் அப்படியே வேண்டும் என்று. தேன்கூடு மாதிரி ஒரு அறை, ஏடு ஏடாக மடிந்த ஒரு அறை, அதற்கடுத்து வழவழப்பான மடிப்புள்ளது நான்காவது. கையுறை போட்டுக்கொண்டு வளைவை ஒட்டி அறுத்து விரியுங்கள். மடிப்புகள் உள்ள அகன்ற பகுதி அமிலம் சுரப்பது. வாசல் பக்கம் குறுகி மடிப்பில்லாமல் இருப்பது கேஸ்ட்ரின் பகுதி. நீல லிட்மஸ் தாளைத் தொட்டால் சிவக்கும். பிறகு சிறுகுடலைச் சாண் சாணாக வெட்டி ஒவ்வொரு இடத்திலும் தொட்டுப் பாருங்கள்.

போன வருடம் ஒரு மாணவி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் செய்தாள். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தாள் நீலமாக நிற்கும் என்று அவள் புத்தகத்தில் படித்திருந்தாள். தாள் சிவந்துகொண்டே வந்தது. "சார், தாள் கெட்டுப்போச்சா?" என்று புதுத் தாளை எடுத்தாள். அதுவும் சிவந்தது. ஆட்டின் கணையச் சாற்றில் காரம் குறைவு, மேலிருந்து அமிலம் ஓயாமல் வருகிறது. அதனால் சிறுகுடலில் வெகுதூரம் வரை அமிலம் நிற்கும். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே வரைந்திருந்தது நாயின் குடல்.